கல்வியும் மூப்பும்



கல்வி உடல்நலத்தைக் காக்குமா என்பதை ஆராய்ந்து தெளிதல் எளிதன்று. கற்றவர் பெரும்பாலும் பொருளுடையவர், நல்லுணவு உண்பவர், நோய் கண்டவுடன் மருத்துவரை நாடக்கூடியவர். நீண்ட ஆயுளைத் தந்தது கல்வியா, பணமா?

இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டவர் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஸ்னோடன். 1986இல் அவர் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் மடத்தை நாடினார். அங்கு எல்லார்க்கும் ஒரே உணவு, ஒரே மருத்துவம். புகைப்பழக்கமோ மகப்பேறோ இல்லை. ஆயினும் பட்டம் பெற்ற கன்னியரே நெடுநாள் வாழ்ந்தனர். முதுமையில் தம் பணிகளைத் தாமே செய்துகொண்டனர். பட்டம் பெற்றோர் வகுப்பறைக்கும் பெறாதோர் பெரும்பாலும் அடுக்களைக்கும் துப்புரவுக்கும் அனுப்பப்பட்டனர் என்பதையும் மறத்தலாகாது. துறவு மடத்திலும் வேலைப் பிரிவினை உண்டு!

பின்னர் ஆய்வு விரிவடைந்து, 75 வயதைக் கடந்த 678 கன்னியர் அதில் இணைந்தனர். இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் அனைவரும் இசைந்தனர்.

இலக்கிய அன்பர்கள் கருதத்தக்க செய்தி மடத்தின் பழைய ஏடுகளில் கிடைத்தது. 1930இல் தலைமை அன்னை ஒருவர், கன்னியர் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கை வரலாற்றை ஒற்றைத் தாளில், 200 முதல் 300 சொற்களுக்குள் எழுதித் தருமாறு பணித்திருந்தார். எழுதியோரின் சராசரி வயது 22. மில்வாக்கி மடத்தைச் சேர்ந்த 93 பேரின் தாள்களை எடுத்து, பத்துச் சொற்களில் எத்தனை கருத்துகள் செறிந்துள்ளன என்று மொழியியலறிஞர் சூசன் கெம்ப்பரின் துணையோடு எண்ணினர். முடிவுகள் 1996இல் வெளிவந்தன. அதற்குள் மறைந்திருந்த 14 பேரின் மூளையைச் சோதித்தபோது, கருத்துச் செறிவு குன்ற எழுதிய அனைவரிடமும் அல்சைமர் எனும் மறதி நோய் காணப்பட்டது. செறிவுற எழுதியவருள் ஒருவரிடமும் அது இல்லை.

கவிஞர்க்கு இது இனிக்கும் செய்தியே. எனினும், செறிந்த மொழி மூளையைக் காத்ததா? அன்றி, இருபது வயதிலேயே நோயின் நிழல் படிந்த மூளை வறிய வாக்கியங்களை எழுதிற்றா? அவ்வாய்வு இதற்கு முடிவு கூறவில்லை. பதினால்வர் என்பதும் சிறு தொகையே.

மேரி என்னும் கன்னியின் வரலாறு இன்னும் வியப்பானது. 101 வயது கடந்து மறைந்த அவர், இறுதி நாள்களிலும் நினைவாற்றல் தேர்வுகளில் நன்கு தேறினார். அவருடைய மூளையிலோ நோயின் தடயங்கள் மிகுந்திருந்தன. எட்டாம் வகுப்புப் படிப்போடு 19 வயதில் ஆசிரியப் பணி ஏற்றவர் அவர். கோடை விடுமுறைதோறும் பயின்று, உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழைப் பெற்றபோது அவருக்கு வயது 41.