கணினிக் கடிகாரம் பின்னுக்குப் போனால்...

(கணினி வகுப்பு பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வந்த அத்தா பிள்ளையோடு கணினி முன் உட்காருகிறார். இணையதளம் ‘பாதுகாப்பற்றது’ என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. நெட்டைக் குறை சொல்வதற்கு முன், திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் குறிப்பிட்ட நாள் வரைதான் செல்லும். கணினி தன் தேதியை வைத்தே அதைச் சரிபார்க்கிறது. தேதி தவறினால் நல்ல தளமும் திறக்காது.

தேதி ஏன் தவறுகிறது? சுவிட்சை அணைத்த பிறகும் கடிகாரம் ஓடுவதற்காக மதர்போர்டில் காசு போன்ற ஒரு பேட்டரி இருக்கிறது. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது. தேதியைச் சரிசெய்து, கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் நெட்டை இணைக்காமல் பாருங்கள். பழைய தேதி வந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும். தேதி மாறாமல் மணி மட்டும் ஐந்தரை மணி நேரம் தள்ளி நின்றால் பேட்டரி மீது குற்றமில்லை. ‘டைம் ஜோன்’ அமைப்பில் +05:30, சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நிமிட வித்தியாசம் என்றால் நெட்டை இணைத்து ‘சிங்க் நவ்’ அழுத்தினால் போதும்.

மேசைக் கணினியில் பேட்டரியை நாமே மாற்றலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, பழையது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து, புதியதை அப்படியே பொருத்துங்கள். பிறகு தேதியைச் சரியாக வையுங்கள். லேப்டாப் என்றால் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

தாய்மார்களே, கடைசியாக ஒன்று. கழற்றிய பேட்டரியை மேசையில் போட்டு வைக்காதீர்கள். சிறு குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். அழுகிறதா என்று காத்திருக்கவும் வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். பழைய பேட்டரியின் இருபுறமும் டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். இன்றிரவே உங்கள் வீட்டுக் கணினியின் தேதியை ஒருமுறை பாருங்கள். வஸ்ஸலாம்.