ஒரே ரயில் பாதை, மூணு கணக்கு

சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினா, அத்திப்பட்டு பக்கம் வரும்போது அனல் மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். அங்கே நிலக்கரிக்குக் கணக்கு கிலோ கலோரி. பக்கத்துல காமராஜர் துறைமுகத்தில், 2019-ல் திறந்த எல்.என்.ஜி. முனையம், கேஸுக்குக் கணக்கு எம்.எம்.பி.டி.யு. அப்படியே கும்மிடிப்பூண்டி சிப்காட் போனா, இரும்பு உருக்குறவங்களுக்குக் கணக்கு கரண்ட் யூனிட். பூக்காரம்மா முழம் போடுறாங்க, துணிக்கடையில மீட்டர் போடுறாங்க இல்லையா, அந்த மாதிரிதான். அளக்கிற பொருள் ஒண்ணே: ஆற்றல்.

ரெண்டு எண் போதும். 1 யூனிட்னா 860 கிலோ கலோரி. 1 எம்.எம்.பி.டி.யு.னா 293 யூனிட்.

இப்போ நிலக்கரியைப் பார்ப்போம். கிலோவுக்கு 3,600 கிலோ கலோரி உள்ள கரின்னு வெச்சுக்குவோம். 860-ஆல் வகுத்தா நாலு யூனிட்டுக்கு மேல வரும். ஆனா மின் நிலையத்திலிருந்து வெளியே வர்றது சுமார் ஒன்றரை யூனிட்தான். மிச்சம் புகையிலயும் குளிர்விக்கிற தண்ணியிலயும் போயிடுது.

இது தெரியாமத்தான் நான் முதல் வேலையில மாட்டினேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில். இரும்பைக் காய்ச்ச கேஸா, கரண்டான்னு ரிப்போர்ட் கேட்டாங்க. கேஸ் எம்.எம்.பி.டி.யு. 1,000 ரூபாய், கரண்ட் யூனிட் 8 ரூபாய்னு எடுத்துக்கிட்டேன். 1,000-ஐ 293-ஆல் வகுத்தா 3 ரூபாய் 41 காசு. கேஸ் பாதி விலைகூட இல்லை! ஒன்றரை வருஷத்துல போட்ட காசு திரும்பிடும்னு எழுதிட்டேன்.

ஃபோர்மேன் அண்ணன் தாளைப் பார்த்துட்டு புகைபோக்கியைக் காட்டினார். "தம்பி, அதுல போற சூட்டுக்கு யாரு காசு கொடுக்குறா?"

திரும்ப உட்கார்ந்தேன். கேஸ் உலையில 35 சதவீத வெப்பம்தான் இரும்புக்குள்ள போகும், இண்டக்‌ஷன்ல 65 சதவீதம் போகும்னு வெச்சு மறுபடி போட்டேன். இரும்புக்குள்ள போய்ச் சேர்ற ஒரு யூனிட் வெப்பத்துக்கு கேஸில் சுமார் 9.75 ரூபாய், கரண்டில் 12.30. கேஸ் இன்னமும் மலிவுதான். ஆனா காசு திரும்ப இரண்டரை வருஷத்துக்கும் மேல ஆகும். அந்த முதல் தாளை நம்பி கடன் வாங்கியிருந்தா, தவணை கட்ட முடியாம நின்னிருப்போம்.

860-ம் 293-ம் எப்பவும் மாறாது. எவ்வளவு வீணாகுதுங்கிறதுதான் இடத்துக்கு இடம் மாறும். மாற்றுக் கணக்கு போட்டதும், அடுத்த கேள்வியா அதைக் கேளுங்க.

வீட்டுக்கு ஒரு வேலை. 14.2 கிலோ சிலிண்டர்ல சுமார் 180 யூனிட் வெப்பம் இருக்கு. உங்க சிலிண்டர் விலையை 180-ஆல் வகுங்க. அப்புறம், அடுப்பு எரியும்போது பாத்திரத்தோட ஓரத்துல கையை கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க. கையில சுடுதே, அதுவும் நீங்க காசு கொடுத்து வாங்கினதுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.