பாட்டில் ஒளிந்திருந்த பருவம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'இளமையும் இசையும்' என்னும் பொருளில் பேசப் பணித்துள்ளீர்கள். 1990களின் பிற்பகுதியில் கல்லூரியில் பயின்ற எனக்கு, இளமை என்றாலே எங்கள் மெல்லிசைக் குழுதான்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இலக்கணம் வகுக்கிறது. தண்ணுமை முழக்குவோன் பிற கருவிகளின் குறையை நிரப்பவும், மிகையை அடக்கவும் தெரிந்தவனாக இருத்தல் வேண்டும் என்பர். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் தபலாக்காரர்தான் நினைவுக்கு வருவார். நாங்கள் தாளம் தவறினால், அவையினர் உணருமுன் அதைத் தம் விரல்களால் மூடிவிடுவார். நட்பின் இலக்கணமும் அதுதானே!

எங்களிடம் இருந்தவை ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், தபலா, டோலக். விழா நாளில் மட்டும் வாடகைக்கு ஒரு ரிதம் பேட். ஒலிநாடாவை ஓடவிட்டு, நிறுத்தி, பின்னோக்கிச் சுழற்றி, வரிவரியாகப் பாட்டை எழுதிக்கொள்வோம். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை இயல்பு; பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. இருவர் சேர்ந்து பாட வேண்டுமெனில் யாரேனும் ஒருவர் தம் இயல்பிலிருந்து இறங்கவோ ஏறவோ வேண்டும். யார் விட்டுக்கொடுப்பது என்று அரைமணி நேரம் வழக்காடுவோம். பாடத் தொடங்கியதும் அவ்வழக்கு மறந்துபோகும்.

அந்த வயதில் அரும்பும் அன்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒத்திகை அறையின் கதவு திறந்தே இருக்கும். மாலை ஆறு மணிக்குள் விடுதி திரும்பவேண்டும். பேச முடியாததையெல்லாம் பாட்டு பேசியது. விழா மேடைக்குப் பெயரில்லாத துண்டுச் சீட்டுகள் வரும். ஒரே கையெழுத்தில் ஒரே பாட்டைக் கேட்டு மூன்று விழாக்களிலும் சீட்டு வந்தது. அது எங்களுள் யாருக்கு என்று தோழியர் நால்வரும் ஆளுக்கொரு விடை வைத்திருந்தோம். என் விடையை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்றும் சொல்வதாக இல்லை.

தொல்காப்பியர் அகத்திணை ஏழனுள் கைக்கிளையை முதலில் வைத்தார். ஒருதலைக் காமம் சிறப்பில்லாததாயினும், ஏட்டில் இடமில்லாததன்று. கானல்வரியில் கோவலன் பாடிய பாட்டை மாதவி வேறு பொருளில் கொண்டாள். அவள் பாடியதை அவனும் அவ்வாறே கொண்டான். பிரிவு நேர்ந்தது. பிறர் எழுதிய சொற்களுக்குள் தம் நெஞ்சை ஒளித்து வைக்கும் இளையோர்க்கு அந்தக் கடற்கரை இன்றும் ஓர் எச்சரிக்கை. ஆயினும் ஒளித்து வைத்ததனாலேயே எங்கள் அன்பு காயப்படாமல், பாட்டாகவே எஞ்சியது என்றும் தோன்றுகிறது.

அன்பர்களே, நினைவின் இனிமையோடு இவ்வுரையை முடித்துவிட மனம் வரவில்லை. எங்கள் குழுவின் ஆண்கள் சிலர் இன்றும் திருமண வரவேற்புகளில் வாசிக்கின்றனர். பாடிய பெண்கள் நால்வருள் ஒருவரும் இன்று மேடையில் இல்லை, நானும் இல்லை. எங்களுள் மிக நன்றாகப் பாடியவளைப் பல ஆண்டுகளுக்குப் பின் கண்டேன். "இப்போதெல்லாம் பாடுகிறாயா?" என்றேன். "பாடுவேன், மிக்சி ஓடும்போது மட்டும்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆற்றுப்படை நூல்களில் பாணரோடு விறலியரும் வழிநடக்கின்றனர். இல்லறமும் கலையும் அங்கே ஒரே வழியில் சென்றன. ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசும் நாம், இருபது வயதுப் பெண்ணின் குரலைக் கல்லூரி வாயிலோடு நிறுத்திவிடுகிறோம்.

பத்தாண்டுகளாக நம் வட்டம் எத்தனையோ கவிஞர்களை மேடையேற்றியுள்ளது. ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இனிவரும் கூட்டங்களில், கவியரங்கிற்கு முன் பத்து நிமிடம், பாடுவதை நிறுத்திவிட்ட பெண்கள் பாடட்டும். சுருதி பிசகலாம், மூச்சு வாங்கலாம். நிரப்புவதற்குத் தண்ணுமைக்காரர்கள் நீங்கள் இருக்கிறீர்கள். முதற்கூட்டத்திற்கு என் தோழியை நான் அழைத்து வருகிறேன். அவள் தனியே பாடத் தயங்கினால், ஐந்தரைக் கட்டையில் உடன்பாட நானும் வருகிறேன்.