முதுகுவலியும் காந்தப் படமும்

ஐதராபாத் நகரில் இன்று கணிப்பொறி முன் நாள் முழுதும் அமர்ந்து பணியாற்றுவோர் பல்லாயிரவர். அவர்களுள் பலர் 'டிஸ்க் விலகிவிட்டது' என்று கவலையுறக் காண்கிறோம். அக்கவலை எவ்வளவு தேவையானது என்பதைச் சற்று ஆராய்வோம்.

நமது முதுகெலும்பு ஒரே எலும்பன்று. பல எலும்புகளின் அடுக்கு. அவற்றினிடையே மெத்தைபோல் அமைந்தவையே டிஸ்க் எனப்படும் இடைத்தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் நடுவே கூழ் போன்ற உட்கருவும், அதனைச் சுற்றி நார்வளையமும் உண்டு. இக்கட்டுத் தளர்ந்து உட்கரு வெளியே பிதுங்கி நரம்பை உறுத்தினால், இடுப்பிலிருந்து கால்வரை வலி இறங்கும். தட்டு இடம்விட்டு நகர்வதில்லை. 'விலகல்' என்பது பேச்சு வழக்கே. பிதுக்கத்திற்கும் கால் வலிக்கும் உள்ள தொடர்பை 1934-இல் அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் தெளிவாக்கினர்.

ஐதராபாத்தின் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் 1960-களில் எலும்பு மருத்துவமனையாகத் தோன்றியது. அந்நாளில் எக்ஸ்ரே எலும்பைக் காட்டியதேயன்றித் தட்டைக் காட்டவில்லை. முதுகுத்தண்டின் உறைக்குள் மருந்து செலுத்திப் படமெடுத்து, பிதுக்கத்தை ஊகித்தறிய வேண்டியிருந்தது. பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. இக்குறையைப் போக்கியது. வலிய காந்தமும் வானொலி அலைகளும் கொண்டு, உடலின் நீரிலுள்ள ஹைட்ரஜனிலிருந்து படம் பெறுவது இம்முறை. நீர் நிறைந்த தட்டு அதில் வெண்மையாகவும், வறண்ட தட்டு கருமையாகவும் தோன்றும். இதற்கு வழிகோலிய லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்டு இருவரும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இக்கருவியால் நம் நாட்டவரும் புதிய உண்மைகளைக் கண்டுள்ளனர். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். இராஜசேகரன் குழுவினர், இரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்தித் தொடர்ந்து படமெடுத்து, இரத்த ஓட்டமற்ற இடைத்தட்டுக்கு ஊட்டம் செல்லும் வகையை 2004-இல் விளக்கினர். மீண்டும் 2013-இல், பிதுக்கமுற்ற 181 பேரை ஆராய்ந்து, நார்வளையம் கிழிவதைவிட, தட்டு எலும்போடு பொருந்தும் இடம் பெயர்வதே மிகுதி எனக் காட்டினர்.

ஆனால் படத்தில் காண்பதெல்லாம் நோயாகுமா? 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்குப் படமெடுத்தனர். அவர்களுள் 52 விழுக்காட்டினருக்குத் தட்டு புடைத்திருந்தது. 27 விழுக்காட்டினருக்குப் பிதுக்கமே இருந்தது. எல்லாத் தட்டுகளும் செவ்வையாயிருந்தோர் 36 விழுக்காட்டினரே! தலை நரைப்பது போலவே தட்டும் வயதால் மாறுகிறது. எனவே படமும், நோயாளி சொல்லும் வலியும், மருத்துவர் தொட்டறியும் குறிகளும் ஒத்துவந்தால்தான் பிதுக்கத்தையே வலிக்குக் காரணமாகக் கொள்ளலாம். படத்தை மட்டும் கண்டு அறுவை சிகிச்சைக்கு விரைதல் தகாது.

பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தணியும். பிதுங்கிய பகுதியும் பலருக்குத் தானே சுருங்கிவிடும். நெடுநாள் படுக்கையைவிட, இயன்ற அளவு நடமாடுதலே நன்று. எனினும் சிறுநீர், மலம் கட்டுப்படாமற் போதல், தொடைகளின் நடுவே மரத்துப்போதல், கால் வலுவிழந்து வருதல் ஆகிய குறிகள் தோன்றின், ஒரு நாளும் தாழ்த்தாது மருத்துவமனையை அடைய வேண்டும். முதுகுவலியோடு காய்ச்சலோ, காரணமின்றி உடல் மெலிவோ கண்டாலும் மருத்துவரை விரைந்து காண்பது கடமை. அவ்வேளைகளில் காந்தப் படம் உற்ற துணையாகும். மற்ற வேளைகளில் சற்றுப் பொறுத்தலே அறிவுடைமை.