கலைஞரும் அச்சிட்ட ஒப்பந்தமும்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களிலே காகிதம் என்பது வெறுங் காகிதமாக இருந்ததில்லை. பதுளை, பசறை, ஹாலி-எல, அப்புத்தளை ஆகிய பகுதிகளில் முன்னாளிலே ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், ‘துண்டு’ எனப்பட்ட சீட்டொன்று வேண்டியிருந்தது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவரை விடுவிக்கலாம் என்று அச்சீட்டுக் கூறும். எழுதியவர் துரை; கடனைச் சுமந்தவர் தொழிலாளி; அவருக்கோ எழுத்து வாசனை பெரும்பாலும் இல்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் துண்டு முறை ஒழிந்தது. ஆயினும் அது கற்பித்த பாடம் ஒன்று இன்றும் பயன் தருவது: ஒரு தாளை எழுதியவர் எவரோ, அவருடைய நலமே அத்தாளில் முதலிடம் பெறும்.

அத்தோட்டங்களிலே பிறந்தவர்களுள் கலைத்துறையிற் புகுந்தோர் இன்று பலர். தப்பு முழக்குவோர், காமன் கூத்து ஆடுவோர், மெல்லிசை பாடுவோர், சுவரோவியம் தீட்டுவோர், நிழற்படம் எடுப்போர் என அவர்கள் பல திறத்தினர். எல்லவிலுள்ள விடுதி ஒன்று ஆடல் நிகழ்ச்சிக்கு அழைக்கிறது. கொழும்பிலுள்ள நிறுவனம் ஒன்று பாட்டை ஒலிப்பதிவு செய்யக் கேட்கிறது. பதிப்பாளர் ஒருவர் அட்டைப்படம் வேண்டுகிறார். வாய்ப்பேச்சு மாத்திரம் போதாது என்பதை ஏமாற்றத்தின் வாயிலாக அறிந்த கலைஞர், மாதிரி ஒப்பந்தப் படிவத்தைத் தேடுகிறார். கைபேசியின் வழியே அத்தகைய படிவங்கள் தனித்தனியாகவும் தொகுதியாகவும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவது தவறன்று. எதை வாங்குவது, எப்படி வாசிப்பது என்பதே கேள்வி.

படிவத்தை வாங்குமுன் நோக்க வேண்டியது, அஃது யாருக்காக எழுதப்பட்டது என்பதாகும். ‘கலைஞர் ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டிருந்தாலும், கலைஞரை அமர்த்துவோரின் நலங்கருதி எழுதியவை பல உண்டு. இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு. படிவத்திலே கலைஞர் செய்ய வேண்டியவை எத்தனை, அமர்த்துவோர் செய்ய வேண்டியவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். ஒருபுறம் பன்னிரண்டும் மறுபுறம் இரண்டுமாயின், அது யாருடைய தாள் என்பது விளங்கிவிடும்.

அடுத்து நோக்க வேண்டியது, எந்த நாட்டுச் சட்டத்துக்காக எழுதப்பட்டது என்பது. அமெரிக்கப் படிவங்கள் பலவற்றில் ‘வேர்க் மேட் ஃபோர் ஹயர்’ என்னும் தொடர் வருகிறது. பணங் கொடுத்தவரே படைப்பின் ஆசிரியராகக் கருதப்படுவார் என்பது அதன் கருத்து. இலங்கையில் நடைமுறையிலுள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி, தொழில் வழங்குநர் ஒருவரின் கீழ்ச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அவ்வேலையின் பகுதியாகப் படைத்ததன் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடின், தொழில் வழங்குநரையே சேரும். ஆனால் பசறையில் தம் வீட்டிலிருந்து ஓவியந் தீட்டி விற்பவர் எவருடைய சம்பளக்காரரும் அல்லர். அத்தகையவர் பொருள் விளங்காத தொடரொன்றின் கீழ்க் கையொப்பமிட்டு, இல்லாத எசமானரைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அன்றியும், பிணக்கு நேர்ந்தால் நியூயோர்க் நீதிமன்றத்திலேயே வழக்காட வேண்டும் என்ற வாசகம் சில படிவங்களின் இறுதியில் இருக்கும். பதுளை நீதிமன்றத்துக்கு வரவே பஸ் கட்டணத்தை எண்ணிப் பார்ப்பவருக்கு அவ்வாசகம் வழக்கே இல்லை என்பதற்குச் சமமன்றோ?

யாவற்றினும் முக்கியமானது, உரிமையைக் கொடுத்துவிடுவதற்கும் அனுமதி அளிப்பதற்கும் உள்ள வேறுபாடு. வீட்டை விற்பது ஒன்று. வாடகைக்கு விடுவது மற்றொன்று. பாட்டுக்கும் படத்துக்கும் இதுவே பொருந்தும். ஓவியத்தை விலைக்கு வாங்கியவர் அந்தச் சீலையை வாங்கினாரேயன்றி, அதனை நாட்காட்டியிலும் தேயிலைப் பெட்டியிலும் அச்சிடும் உரிமையை வாங்கினாரல்லர். அவ்வுரிமையை மாற்றிக் கொடுப்பதாயின் எழுத்திலே, கையொப்பத்துடன் கொடுத்தல் வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. வெளிப்படையாகச் சொல்லப்படாத உரிமை கொடுபட்டதாகக் கருதப்படுவதுமில்லை. ஆகையால், ‘எல்லா உரிமைகளும், எல்லா ஊடகங்களிலும், என்றென்றைக்கும்’ என்று ஒரு படிவத்தில் அச்சாகியிருந்தால், சட்டம் கலைஞருக்குத் தந்த அரண் அந்த ஒரே வரியில் இடிந்து விழுகிறது. படைப்பாளியின் பொருளாதார உரிமை அவருடைய ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிலைப்பது. ஒருநாள் ஊதியத்துக்கு இடும் கையொப்பம் பேரப்பிள்ளைகளின் உரிமையையும் சேர்த்து விற்றுவிடக் கூடும். எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்த இடத்தில் என்ற மூன்றையும் எழுதுவதற்கு இடம்விட்ட படிவமே வாங்கத் தக்கது.

‘காமன் கூத்து பாட்டன் பூட்டன் காலத்தது, அதில் எங்களுக்கு என்ன உரிமை?’ என்று கேட்போரும் உளர். மாசியிலே தோட்டந்தோறும் ஆடப்பட்டு வந்த அக்கூத்தின் கதை எந்தத் தனியொருவரின் சொத்துமன்று. ஆனால் அதனை ஆடுவோரின் நிகழ்த்துகை அவர்களுடையதே. நாட்டார் கலையை நிகழ்த்துவோரையும் சட்டம் நிகழ்த்துநராக ஏற்று, 50 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. அவர்களுடைய இசைவின்றி நிகழ்ச்சியைப் பதிவு செய்தல் ஆகாது. ஆதலால், ஆடுவதற்குத் தரும் பணம் வேறு, பதிவு செய்வதற்குத் தரும் பணம் வேறு என்று படிவத்திலே இரு வரிகளாக எழுதுவது நன்று.

குழுவாக இயங்குவோருக்கு மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. பெரும்பாலான படிவங்களில் ‘கலைஞர்’ என்று ஒரே கையொப்பத்துக்கே இடம் இருக்கும். பத்துப் பேர் கொண்ட தப்புக் குழுவின் சார்பில் தலைவர் ஒருவர் ஒப்பமிட்டுப் பணத்தையும் பெற்றுக்கொள்கிறார். மற்றை ஒன்பதின்மரின் பங்கு எழுத்தில் இல்லை. தம் கீழ் வேலைக்கு வந்த தலைகளை எண்ணிக் கங்காணி தலைக்காசு பெற்ற காலத்தை இது நினைவூட்டவில்லையா? தலைவர் நல்லவராகவே இருக்கலாம். எழுத்து இருப்பது அவருடைய நற்பெயருக்கும் காவலாகும். ஒவ்வொருவரின் பெயரும் பங்கும் குறித்த ஒரு பக்கத்தை ஒப்பந்தத்தோடு இணைத்தல் வேண்டும். 18 வயது நிரம்பாதோர் குழுவில் இருப்பின், பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்பமும் தேவை.

வெளிநாட்டுப் படிவத்தில் ஊவாவின் மழைக்கு இடமிராது. மண்சரிவினால் பாதை அடைபட்டு நிகழ்ச்சி நின்றுவிட்டால் முற்பணம் யாருக்கு? இரவு நிகழ்ச்சி முடிந்தபின் தோட்டத்துக்குத் திரும்ப வண்டி யார் பொறுப்பு? விடிந்தால் கொழுந்தெடுக்கச் செல்ல வேண்டியவருக்கு இவை சிறு விஷயங்கள் அல்ல. அச்சிலே இல்லாததைக் கையாலே எழுதிச் சேர்க்கலாம். வேண்டாததைக் கோடிட்டு அடிக்கலாம். ஒவ்வொரு திருத்தத்தின் அருகிலும் இரு தரப்பாரும் சுருக்கொப்பம் இட்டால் போதும். இத்தகைய ஒப்பந்தத்துக்கு, காணி உறுதி போல, நொத்தாரிசின் கையொப்பம் கட்டாயமன்று.

மொழியும் கருதத்தக்கது. ஆங்கிலப் படிவத்தை வாங்கினால், ஒப்பமிடுமுன் ஒவ்வொரு வரியையும் தமிழிலே சொல்லக் கேட்டல் வேண்டும். விளங்காத வரி ஒன்று இருந்தால் அன்று ஒப்பமிடலாகாது. ஒரு பிரதி கலைஞரின் கையிலேயே இருத்தல் வேண்டும். எழுத்தின் பயன் காலத்திலும் தெரியும். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, எழுத்திலான ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்கிட 6 ஆண்டுகள் உண்டு. வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகளே.

படிவம் வாங்கிய பின்னும் ஐயம் நீங்காதவர் வழியற்றவர் அல்லர். வருமானங் குறைந்தோருக்கு உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் பதுளையிலும் உண்டு. படிவத்தை அங்கே கொண்டுசென்று காட்டி, சட்டமறிந்தவர் ஒருவரை ஒருமுறை வாசிக்கச் செய்யலாம். முதல் ஒப்பந்தம் நன்கு திருத்தப்பட்டுவிட்டால், அடுத்தடுத்த நிகழ்ச்சிகளுக்கு அதுவே அக்குழுவின் சொந்த மாதிரியாகிவிடும். வேறெதையும் விலைக்கு வாங்க வேண்டியிராது. அந்நிலையில் அழைப்பவர் நீட்டும் தாளுக்குக் காத்திராமல், கலைஞர் தம் தாளையே முதலில் மேசைமேல் வைக்கலாம்.