பெண் கல்வியும் கன்னியர் மடமும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் கத்தோலிக்கப் பெண் பள்ளிக்கூடங்களின் மதக் கொள்கையும் கல்விக் கொள்கையும் என்பதாகும். பகுத்தறிவுக் கூட்டத்தில் கன்னியர் மடத்துப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கூட்டம் ஆரம்பிக்கும் முன் ஒரு தோழர் நம்மிடம் வந்து, "அய்யா, என் மகளைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்க்கலாமா? படிப்பு நன்றாயிருக்கிறது என்கிறார்கள். ஆனால் காலையும் மாலையும் ஜபம் நடக்கிறதே" என்று கேட்டார். நமக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. மதப் பள்ளி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அந்த ஊரில் வேறு நல்ல பள்ளி இல்லை என்றால், நமது வாய்வீரத்தால் வரும் நட்டம் அந்தப் பெண்ணுக்கல்லவா? ஆகையால் இப்படிப்பட்ட ஒரு பள்ளியின் வேரைத் தோண்டிப் பார்த்து விட்டுப் பதில் சொல்லலாம் என்று நினைத்தோம்.

கல்கத்தாவில் லொரெட்டோ கன்னியர் பள்ளிகள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் வேர் மேரி வார்டு என்கின்ற ஓர் ஆங்கில அம்மையாரிடம் இருக்கிறது. அவர் 1585இல் யார்க்ஷயரில் பிறந்தவர். அக்காலத்தில் இங்கிலாந்தில் ராஜாங்க மதம் வேறு. கத்தோலிக்க மதம் குற்றம். ராஜாங்கக் கோவிலுக்கு வராதவனுக்கு மாதம் 20 பவுன் அபராதம் என்று 1581இல் சட்டமே செய்தார்கள். மேரி வார்டின் பாட்டி மதத்திற்காகப் பல வருஷம் சிறையிலிருந்தவர். தாய்மாமன்மார் இருவர் 1605இல் பார்லிமெண்டை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் செய்த சதியில் சேர்ந்து உயிர்விட்டவர்கள். கடவுளின் பேரால் ஒரு கூட்டம் அபராதம் போடுவதும், அதே கடவுளின் பேரால் மற்றொரு கூட்டம் வெடிமருந்து மூட்டை சுமப்பதுமாயிருந்த நாடு அது. மதச் சண்டை நமது நாட்டுக்கு மாத்திரம் சொந்தம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

இந்த அம்மையார் கடல் தாண்டி செயின்ட் ஓமர் என்னும் ஊருக்குப் போய், 1609-ஐ ஒட்டிச் சில தோழிகளைச் சேர்த்துக் கொண்டு பெண்களுக்குப் பள்ளி வைத்தார். இதில் என்ன அதிசயம் என்பீர்கள். 1563இல் முடிந்த டிரெண்டு மகாசபை, கன்னிகாஸ்திரீ என்றால் மடத்துச் சுவருக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்று விதித்திருந்தது. இவரோ எங்களுக்குச் சுவரும் வேண்டாம், கம்பிச் சன்னலும் வேண்டாம், தனி உடுப்பும் வேண்டாம், ஏசு சபைப் பாதிரிமாருக்கு உள்ள விதிகளையே எங்களுக்கும் கொடுங்கள், எங்களுக்கு மேலதிகாரியாக ஒரு பெண்ணே இருக்கட்டும் என்றார். பள்ளியில் தையலும் ஜபமும் மாத்திரமல்லாமல் லத்தீனும் கற்பித்தார். லத்தீன் அக்காலத்தில் சட்டம், வைத்தியம், மதம் எல்லாவற்றுக்கும் சாவி. சூத்திரனுக்கும் பெண்ணுக்கும் வேதம் ஆகாது என்று நம்மவர்கள் பூட்டி வைத்திருந்தார்களே, அதைப் போன்ற பூட்டுக்கு அது சாவி. மூனிச் நகரத்துப் பள்ளியில் பெண்கள் லத்தீனில் தேறி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்குள்ள உபாத்தியாயினிக்கு மேரி வார்டு சந்தோஷப்பட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்.

ஆண்கள் சும்மா இருப்பார்களா? ஒரு பாதிரியார், இவர்கள் எவ்வளவு உற்சாகமாயிருந்தாலும் கடைசியில் வெறும் பெண்கள்தானே என்று சொன்னாராம். 1617இல் இதற்கு மேரி வார்டு தம் தோழிகள் மத்தியில் பதில் சொன்னார். நாம் தவறினால் பெண்ணாயிருப்பதனால் தவறுவதில்லை, உண்மையை விட்டுப் பொய்யை நேசிப்பதால் தவறுகிறோம். பெண்களும் பெரிய காரியங்கள் செய்யக்கூடும் என்பது அதன் கருத்து. இந்த இடத்தில் நாமும் கை தட்டலாம். ஆனால் அதே பேச்சில், மனைவி புருஷனுக்கு அடங்க வேண்டியதுதான், பூசை செய்வதும் கோவிலில் பிரசங்கம் செய்வதும் பெண்களுக்கு இல்லைதான் என்றும் அவர் ஒப்புக் கொண்டிருக்கிறார். சங்கிலியில் பாதியை அறுத்து விட்டுப் பாதியைக் காலிலேயே விட்டுக் கொண்டார். அந்தப் பாதி இன்னும் அறுபடவில்லை என்பதற்கு, பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் எழுதியதே போதும்.

போப்பாண்டவரிடம் நேரில் நியாயம் கேட்கலாம் என்று 1621இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, பெரும்பாலும் கால்நடையாகவே, சுமார் 2 மாதத்தில் ரோம் போய்ச் சேர்ந்தார். ரோமிலேயே பள்ளி வைத்தார். 1625இல் அதை மூடினார்கள். கடைசியாக 1631 ஜனவரியில் போப்பாண்டவர் எட்டாம் அர்பன் இந்த ஸ்தாபனத்தையே அடியோடு கலைத்து உத்தரவிட்டார். அதில் கண்ட குற்றம் என்ன தெரியுமா? மடத்துச் சுவருக்குள் அடங்காமல் இஷ்டப்படி திரிகிறார்கள், பெண்ணின் பலவீனத்துக்கும் நாணத்துக்கும் ஒவ்வாத வேலைகளைச் செய்கிறார்கள் என்பதுதான். நமது நாட்டு அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு ரோமாபுரிக்கு எப்போது போயிற்றோ தெரியவில்லை!

பிப்ரவரியில் மதத் துரோகி என்று பட்டம் சூட்டி அம்மையாரை மூனிச் நகரத்து மடம் ஒன்றில் அடைத்தார்கள். நோயாளியாயிருந்தும் அவர் ஓயவில்லை. சாமான் சுற்றி வந்த காகிதத்தில் எலுமிச்சம் சாற்றினால் எழுதித் தோழிகளுக்கு அனுப்பினார். அவர்கள் நெருப்பில் காட்டிப் படித்துக் கொண்டார்கள். அக்கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. சுமார் 2 மாதத்தில் விடுதலையானார். பிறகு போப்பாண்டவரே அவர் மதத் துரோகி அல்ல என்று சொன்னார். ஆனால் பள்ளிகளில் பெரும்பாலானவை போய்விட்டன. 1645இல் யார்க் நகரத்தை அடுத்த சிற்றூரில் இறந்தார்.

அதற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. மிச்சமிருந்த பெண்கள் பள்ளிகளைக் கைவிடவில்லை. 1703இல் அவர்களுடைய விதிகளுக்கு ரோமில் அனுமதி கிடைத்தது. 1749இல், ஸ்தாபனம் இருக்கலாம், ஆனால் மேரி வார்டை அதன் ஸ்தாபகர் என்று சொல்லக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. பிள்ளையை வைத்துக் கொள், தாய் பெயரைச் சொல்லாதே என்பது போல! 1909இல்தான் அவரை ஸ்தாபகர் என்று சொல்ல அனுமதி வந்தது. கலைத்த உத்தரவுக்கும் இதற்கும் நடுவே 278 வருஷம். 2009இல் வணக்கத்துக்குரியவர் என்ற பட்டமும் கொடுத்தார்கள். உயிரோடிருக்கையில் கஞ்சி வார்க்காதவன் செத்தபின் திவசம் செய்த கதைதான் இது.

யார்க் நகரத்து மடத்தில் படித்த தெரசா பால் என்னும் ஐரிஷ் அம்மையார், டப்ளினுக்கு அருகே லொரெட்டோ என்ற பெயரில் தொடங்கிய கிளையிலிருந்து 1841இன் கடைசியில் கன்னிகைகள் கல்கத்தா வந்து இறங்கினார்கள். சுதந்திரம், நீதி, வாய்மை என்று மேரி வார்டு 1615இல் எழுதி வைத்த மூன்றையும், உண்மை, மகிழ்ச்சி என்ற இரண்டையும் அப்பள்ளிகள் தங்கள் கொள்கையாகச் சொல்லுகின்றன. வார்த்தைகள் நல்லவைதான். ஆனால் அவர்கள் சொல்லும் சுதந்திரம் எல்லாவற்றையும் கடவுளிடம் ஒப்படைப்பதற்கான சுதந்திரம். கணக்கு வகுப்பில் "ஏன்?" என்று கேட்கும் பெண் கெட்டிக்காரி, ஞானோபதேச வகுப்பில் அதே "ஏன்?" கேட்டால் அடக்கமில்லாதவள். ஒரே மூளைக்கு இரண்டு சட்டம். இதுதான் நமது ஆட்சேபணை. அந்தக் கன்னிகைகளின் உழைப்பின்மேல் நமக்கு ஆட்சேபணை கிடையாது.

அவ்வுழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்கத்தா சியால்தாவிலுள்ள லொரெட்டோ பள்ளிக்கு 1979இல் சிரில் மூனி என்னும் கன்னிகை தலைமை ஏற்றார். சம்பளம் கட்டும் வீட்டுப் பெண்களோடு கட்ட முடியாத ஏழைப் பெண்களையும் ஏராளமாகச் சேர்த்து, ஒரே வகுப்பில் உட்கார வைத்தார். தெருவில் வாழும் பிள்ளைகளையும் உள்ளே அழைத்து, பள்ளி மாணவிகளையே அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். பந்தியிலும் பெஞ்சியிலும் பேதம் கூடாது என்று கூவி வருகின்ற நாம், இதைச் செய்தவர் சிலுவை அணிந்தவர் என்பதற்காகக் கண்ணை மூடிக் கொண்டால் அது யோக்கியமாகாது.

இனி நமது தோழருக்குப் பதில். பெண்ணைச் சேருங்கள். ஆனால் சர்க்கார் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் பள்ளியில், மத போதனையிலும் ஜபத்திலும் யாரையும் சம்மதமில்லாமல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டம் 28(3) சொல்லுகிறது. வயது வராத பிள்ளைக்குச் சம்மதம் கொடுக்க வேண்டியவர் நீங்கள். சேர்க்கிற அன்றே எழுதிக் கொடுத்து விடுங்கள். நாசூக்காகவே எழுதலாம், சண்டைக்குப் போக வேண்டியதில்லை. அப்புறம் வீட்டிலே அவள் "ஏன்?" என்று கேட்டால், அதிகப்பிரசங்கி என்று நீங்கள் வாயை அடைக்காமலிருக்க வேண்டும். பாதிரியாரைக் குறை சொல்லிவிட்டு அந்த வேலையை அப்பனே செய்கின்ற வீடுகள் நம் இயக்கத்திலும் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும்.

நேரம் அதிகமாகி விட்டது. கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். பின்வரிசையிலுள்ள தாய்மார்கள் எழுதத் தெரியாவிட்டால் வாயாலேயே கேட்கலாம். அவர்களுக்கே முதலில் பதில் சொல்லுகிறோம்.