பழைய காருக்குச் சரியான ஸ்டியரிங் சாமான்



காரில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் கைப்பிரேக் இருக்கிறது. கியரைக் குறைத்து வேகத்தைத் தணிக்கலாம். விளக்கு எரியாவிட்டால் ஓரமாக நிறுத்தலாம். ஆனால் ஓடுகிற வண்டியில் ஸ்டியரிங் கழன்றுவிட்டால் என்ன செய்வது? கையில் வெறும் வளையம்தான் மிஞ்சும். வண்டி தன் போக்கில் போகும். எதிரே லாரி வரலாம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரலாம். ஆகவே பழைய காரில் மற்ற சாமான்களை எப்படி வாங்கினாலும், ஸ்டியரிங் சாமானை மட்டும் பார்த்து, படித்து, அளந்துதான் வாங்க வேண்டும்.

டோம்பிவிலியில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி கார் இன்னும் வாசலில் நிற்கிறது. மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுகிறார். கொஞ்ச நாளாக ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி உடனே திரும்புவதில்லை. பள்ளத்தில் இறங்கினால் கீழே "டொக் டொக்" என்று சத்தம். முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது. "டை ராட் எண்ட் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார் மெக்கானிக். இனி அந்தச் சாமானை எங்கே தேடுவது?

இந்தக் கார் பிறந்த இடம் தூரத்தில் இல்லை. டோம்பிவிலியிலிருந்து லோக்கல் ரயிலில் போனால் வரும் குர்லாதான். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை அங்கே இருந்தது. இத்தாலி நாட்டு ஃபியட் 1100 என்ற காரைத்தான் அங்கே செய்தார்கள். 1974-ல் அதற்குப் பத்மினி என்று பெயர் வந்தது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸி என்றாலே பல ஆண்டுகள் இந்த வண்டிதான். 2000-ஆம் ஆண்டையொட்டி இதைச் செய்வது நின்றது. மும்பையில் கடைசிப் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவானது. டாக்ஸிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. ஆகவே 2023 அக்டோபர் இறுதியோடு அந்த டாக்ஸிகளும் ஓய்ந்தன. இன்று கம்பெனிக்கு எழுதிப் போட்டுச் சாமான் வாங்க வழியில்லை.

டோம்பிவிலிக்கு அருகில், கல்யாண் - ஷீல் சாலையிலும் அதே கம்பெனிக்கு ஓர் ஆலை இருந்தது. 1990-களின் நடுவில் பிரெஞ்சுக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து பெஜோ 309 என்ற காரை அங்கே செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோனது. பத்மினிக்காரர் பாடாவது பரவாயில்லை. லட்சக்கணக்கில் ஓடிய வண்டி என்பதால் எங்காவது ஒரு கடையில் சாமான் கிடைக்கும். கொஞ்ச காலமே விற்ற காரை வைத்திருப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

சாமானைத் தேடும் முன், ஸ்டியரிங் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். நாம் பிடிக்கும் வளையத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அது ஸ்டியரிங் பாக்ஸ் என்ற பெட்டிக்குள் போகிறது. பெட்டிக்குள் திருகாணி போன்ற ஒரு பல்தண்டு இருக்கிறது. அது சுற்றும்போது வெளியே உள்ள டிராப் ஆர்ம் என்ற கை இடவலமாக அசைகிறது. அந்தக் கை நடு ராடைத் தள்ளுகிறது. நடு ராடின் மறு முனையைத் தாங்க ஐட்லர் ஆர்ம் என்ற இன்னொரு கை. அங்கிருந்து இரண்டு ஓர ராடுகள் சக்கரங்களுக்குப் போகின்றன. ராடுகள் சேருமிடத்தில் எல்லாம் குண்டு மூட்டு. நம் தோள்பட்டை மாதிரியேதான். கிண்ணத்துக்குள் ஒரு குண்டு சுழல்கிறது. கிண்ணம் தேய்ந்தால் குண்டு ஆடும். மிகவும் தேய்ந்தால் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். கழன்றது என்று சொல்வது இதைத்தான்.

எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்? மத்திய மோட்டார் வாகன விதிகளில் கணக்கு இருக்கிறது. ஸ்டியரிங் வளையத்தில் 30 டிகிரிக்கு மேல் வெற்று ஆட்டம் கூடாது. 30 டிகிரி என்றால் கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையே உள்ள தூரம். சக்கரம் அசையாமலே வளையம் அவ்வளவு தூரம் போய் வந்தால், வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது. இது சட்டத்தின் கடைசி எல்லை. நல்ல மெக்கானிக் அதற்கு வெகு முன்பே சாமானை மாற்றச் சொல்வார். மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. சொந்தக் காரை 15 ஆண்டு முடிந்து மறுபதிவு செய்யும்போது இதையெல்லாம் சோதிப்பார்கள்.

எந்த மூட்டு தேய்ந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வளையத்தை லேசாக இடமும் வலமும் ஆட்ட வேண்டும். மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த மூட்டு கையிலேயே தெரியும். இதைச் செய்யாமல் "எல்லாவற்றையும் மாற்று" என்பது பணத்துக்குக் கேடு. "ஒன்றும் ஆகாது, ஓட்டு" என்பது உயிருக்குக் கேடு.

இப்போது கடைக்குப் போவோம். கடையில் "பிரீமியர் வண்டிக்கு டை ராட் எண்ட் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் முதல் தவறு அங்கேயே நடக்கும். பிரீமியர் என்ற பெயரில் 118 என்.ஈ. என்று இன்னொரு கார் 1985-லிருந்து வந்தது. அது ஃபியட் 124 என்ற வேறு வண்டியின் வழி வந்தது. பெயர் ஒன்று, சாமான் வேறு. அம்பாசடர் காரோ முழுக்க வேறு. அதில் இந்தப் பெட்டி கிடையாது. ரேக் என்ற நீளப் பல்சட்டம்தான் இருக்கிறது. ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மாடல் பெயரையும் செய்த மாதம், வருடத்தையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய சாமானையும் துடைத்துப் பையில் எடுத்துப் போக வேண்டும். பழைய சாமானைப் போல நல்ல சாட்சி வேறு இல்லை.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளமும் தடிமனும் கண்ணுக்கே தெரியும். மரை அப்படித் தெரியாது. ஓர ராடின் ஒரு முனையில் வலப்புற மரை, மறு முனையில் இடப்புற மரை. நடுவில் உள்ள குழாயைத் திருகினால் ராடு நீளவும் குறையவும் வேண்டும் அல்லவா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. சாமானில் எல் அல்லது ஆர் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கலாம். அது மரையைக் குறிக்கிறதா, வண்டியின் பக்கத்தைக் குறிக்கிறதா என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய சாமானின் நட்டைப் புதியதில் கையால் திருகிப் பாருங்கள். தடையில்லாமல் ஏறினால் சரி. ஸ்பேனர் போட்டு ஏற்ற வேண்டியிருந்தால் அது உங்கள் சாமான் அல்ல.

கூம்பு என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இதில்தான். குண்டின் தண்டு நேராக இருக்காது. பாட்டில் தக்கையைப் போல ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஒடுங்கும். எதிரே உள்ள ஓட்டையும் அதே சரிவில் இருக்கும். சரிவு பொருந்தினால் இரும்போடு இரும்பு கவ்விக்கொள்ளும். பொருந்தாவிட்டாலும் நட்டு இறுகத்தான் செய்யும். அன்றைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் தண்டு உள்ளே ஒரு விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருக்கும். நாள் போகப் போக ஆடி ஆடி ஓட்டையைத் தின்னும். ஒரு நாள் தண்டே முறியும். இதைச் சோதிக்கக் கூம்பின் மேல் கொஞ்சம் நீலச் சாயமோ பென்சில் கரியோ தடவி, ஓட்டையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுக்க வேண்டும். சாயம் சுற்றிலும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் பொருத்தம் சரி.

மும்பையில் குர்லாவிலும் சோர் பஜாரிலும் பழைய சாமான் கடைகள் உண்டு. புதிய சாமானுக்கு ஆபரா ஹவுஸ் பக்கம் போகலாம். சென்னையில் உறவினர் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விசாரிக்கச் சொல்லலாம். ஸ்டியரிங் மூட்டுகள் செய்யும் ராணே போன்ற கம்பெனி சென்னையிலேயே பல பத்தாண்டுகளாக இருக்கிறது. உடைத்த வண்டியின் கதவுக் கைப்பிடியையோ பம்பரையோ தாராளமாக வாங்கலாம். குண்டு மூட்டை மட்டும் வாங்கவே கூடாது. அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று யாருக்குத் தெரியும்? ஸ்டியரிங் பாக்ஸ் பழையதாகத்தான் கிடைக்கும் என்றால், திறந்து பல்லைப் பார்த்து, பேரிங்கும் சீலும் புதிதாகப் போட்ட பிறகே மாட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களும் கவனிக்க வேண்டும். இத்தாலியில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அந்த நாட்டுப் பெட்டி நம் வண்டிக்குச் சேராது.

பல ஆண்டு அலமாரியில் கிடந்த "புதிய" சாமானும் உண்டு. உறை பளபளக்கும். உள்ளே கிரீஸ் காய்ந்து, ரப்பர் வெடித்திருக்கும். ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள்.

சிலர் தேய்ந்த மூட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார்கள். வளைந்த ராடைச் சூடுகாட்டி நிமிர்த்துவார்கள், வெல்டிங் வைப்பார்கள். செலவு மிச்சம் என்று இதற்குச் சம்மதிக்கவே கூடாது.

பழையதைக் கழற்றும் முன் வெளியே தெரியும் மரைகளை எண்ணி எழுதி வையுங்கள். புதியதை அதே அளவுக்குத் திருகி ஏற்றினால், அலைன்மெண்ட் கடை வரை வண்டி ஒழுங்காகப் போகும். ஸ்பிளிட் பின் புதிதாகப் போட வேண்டும்; பழைய பின்னை நிமிர்த்திப் போட்டால் முறிந்துவிடும். அலைன்மெண்ட் பார்த்த பிறகு காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, இரு பக்கமும் முழுவதும் ஒடித்துப் பாருங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் வண்டிக்குக் கீழே குனிந்து, பின் அப்படியே இருக்கிறதா, நட்டு அசைந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.